பால் பொங்காத வீடு

மயிலாப்பூரில் வாடகைக்கு வீடு தேடுகிறவனுக்கு நல்ல செருப்பு வேண்டும் என்பார்கள். எங்கள் புரோக்கரோடு போகிறவனுக்குச் செருப்பு தேயாது. நின்று நின்று கால்தான் மரத்துப்போகும்.

குளத்து முனை டீக்கடையிலிருந்து கிளம்பினால், தெரு திரும்பிக் கொஞ்ச தூரம் போவதற்குள் மனிதர் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் நின்றுவிடுவார். சும்மா நிற்கமாட்டார். கக்கத்தில் இடுக்கிய ரெக்ஸின் பையை அடுத்த கக்கத்துக்கு மாற்றுவார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்து இரண்டாக உடைப்பார். ஒரு பாதியைப் பத்திரமாக உள்ளே வைத்துவிட்டு மறு பாதியைப் பற்றவைத்துக்கொண்டு, "இந்த வூட்டப் பாத்தியா சார்?" என்பார்.

பார்ப்பேன். காவி அடித்த சாதாரண வீடாக இருக்கும்.

"இந்த வூட்டு மாடிக்கு ஒரு எருமை ஏறிக்கினு போச்சு சார். ஏறத் தெரிஞ்சதுக்கு எறங்கத் தெரியல. எறக்கற வரிக்கும் மேலயே பால் கறந்தாங்க. மாடில குடியிருந்தவன் இன்னா பண்ணான் தெரியுமா? வாடகைல பாதிய எருமை குடுக்கட்டும்னு சண்டைக்கு வந்துட்டான்."

சிகரெட் தீரும். நடப்போம். அடுத்த நிறுத்தத்தில், பெண் பார்க்க வந்தவர்கள் கதவு மாறிப் பக்கத்துப் போர்ஷன் பெண்ணை நிச்சயம் செய்துவிட்டுப் போன வீடு. அதற்கடுத்து, வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் ஒரே குழாய்க்காகக் கோர்ட்டுக்குப் போய், தீர்ப்பு வருவதற்குள் குழாயில் தண்ணீரே நின்றுபோன வீடு. நாங்கள் பார்க்கப் போன வீட்டுக்கு வந்து சேரும்போது அதை வேறு யாராவது பார்த்து முன்பணம் கொடுத்திருப்பார்கள்.

கோயிலுக்குக் கோயில் ஸ்தலபுராணம் உள்ள பேட்டையில் இவர் வீட்டுக்கு வீடு ஒன்று வைத்திருந்தார். அதனால் நானும் ஸ்டெல்லாவும் அவருக்கு ஸ்தலபுராணம் என்றே பேர் வைத்தோம். சொந்தப் பேர் ஒன்று இருந்தது. அதை யாரும் உபயோகித்து நான் கேட்டதில்லை.

ஸ்டெல்லா என் மனைவி. சாந்தோம் பக்கத்துப் பெண், ஒரு ஆஸ்பத்திரியில் சர்ஜரி வார்டு நர்ஸ். நான் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அவள் கழுத்தில் சிலுவை, என் நெற்றியில் திருநீறு. இரண்டும் சேர்ந்து போய்க் கதவைத் தட்டினால், "நேத்துதான் குடுத்தோம்" என்பார்கள். டு-லெட் போர்டு எங்கள் தலைக்கு மேலேயே ஆடிக்கொண்டிருக்கும். தொண்ணூறுகளின் ஆரம்பம். வீட்டில் டிஷ் ஆன்டெனா வைக்க இடம் கொடுத்தவர்கள் எங்களுக்குக் கொடுக்கவில்லை.

கடைசியில் ராஜா அண்ணாமலைபுரம் போகிற வழியில் ஒரு மாமி வீட்டு மாடி. மாமியும் அதே பாட்டைத்தான் ஆரம்பித்தார்.

"பேரென்ன சொன்னேள், ஸ்டெல்லாவா? எங்காத்துல வெங்காயமே நாள் பாத்துண்டுதான் வாங்குவோம். இதெல்லாம் சரிப்பட்டு வராது."

கதவு பாதி சாத்தியாகிவிட்டது. ஸ்தலபுராணம் அவசரமே இல்லாமல் சொன்னார்: "மாமி, அந்தப் பொண்ணு நர்ஸு. மாமா டெய்லி ஊசி போட்டுக்க கம்பவுண்டர் வூட்டாண்ட வெயில்ல நிக்கிறாரே, இனிமே வாணாம். மாடிலேர்ந்து எறங்கி வந்து போட்டுட்டுப் போவும்."

மாமாவுக்குச் சர்க்கரை. தினமும் இன்சுலின். கதவு மறுபடி திறந்தது.

"கை லேசா இருக்குமோ?" என்று மட்டும் மாமி கேட்டார்.

இப்படித்தான் எங்களுக்கு மயிலாப்பூரில் ஒரு கூரை கிடைத்தது. அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு. அதனால்தான் அவரை இஷ்டத்துக்குக் கிண்டல் செய்கிறேன்.

காலையில் மாமாவுக்கு ஊசி போடுகிற நேரம் பார்த்து அவரும் வந்து வாசல் படியில் உட்கார்ந்துகொள்வார். ஸ்டெல்லா காப்பி கொடுப்பாள்.

"எனக்கும் சுகர் கீதும்மா" என்பார், காப்பியில் இன்னொரு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டுக்கொண்டே. "ஆனா சொந்தம் இல்ல, வாடகைக்கு வந்தது. கொஞ்ச நாள்ல காலி பண்ணிடும்."

தன் உடம்பைப் பற்றி அவர் பேசினாலே ஏதோ தொந்தரவு பிடித்த குடித்தனக்காரனைப் பற்றி வீட்டுக்காரன் பேசுவது போலத்தான் இருக்கும். பல் வலித்தால் மேல் போர்ஷனில் தகராறு. வயிறு சரியில்லை என்றால் செப்டிக் டேங்க். கால் பற்றி மட்டும் பேச்சே வராது. அது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

ஸ்டெல்லாவிடம்தான் மாட்டினார். அவளுடைய சித்தி பெண்ணுக்கு வீடு பார்க்க ஒரு நாள் அவரோடு போய்விட்டு வந்தவள், பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்: "எருமை ஏறின வீடு எதுங்க?"

"காவி அடிச்ச வீடு."

"இன்னிக்கு அது பொண்ணு மாறின வீடு. எருமை அதுக்கு முன்னாடியே ஒரு வீட்டுல ஏறிடுச்சு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அவர் கதை சொல்ல நிக்கலைங்க. கால் வலிக்குது, நிக்கறாரு. அது தெரியக் கூடாதுன்னு கதை சொல்றாரு. நின்னா வலி போயிடும், நடந்தா திரும்ப வந்துடும். முன்னைவிட சீக்கிரமா வருது, அதான் எருமை இந்தப் பக்கம் வந்துடுச்சு. எங்க வார்டுக்கு இப்படி வர்றவங்க எல்லாரும் முதல்ல வாயுன்னுதான் சொல்லிக்கிட்டு வருவாங்க."

மறுநாள் காலை படியில் வைத்தே அவரைப் பிடித்தாள். வேட்டியை முழங்கால்வரை தூக்கச் சொன்னாள். கெண்டைக்காலில் முடியெல்லாம் உதிர்ந்து தோல் பளபளவென்றிருந்தது. பாதம் மண்பானை மாதிரி ஜில்லென்றிருந்தது. பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்து நாடி தேடினாள். இங்கே அழுத்தினாள், அங்கே அழுத்தினாள், கணுக்காலுக்குப் பின்னால் போய்த் தேடினாள்.

"இன்னாம்மா, ரேடியோ ஸ்டேஷன் கெடைக்கலியா?" என்றார்.

"கிடைக்கல" என்றாள்.

பிறகு அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். மோட்டார் ஓடுகிறது, மேல் டேங்கில் தண்ணீர் இருக்கிறது, கடைசிக் குழாய்க்கு மட்டும் வரவில்லை. நடுவில் குழாய் அடைத்துவிட்டது. அடைத்தது பாதி சிகரெட், பாதி சர்க்கரை. "சிகரெட்டை இன்னிக்கே விடணும். சுகரை அடக்கணும். டாக்டரைப் பாக்கணும். தினமும் வலிக்கிற வரைக்கும் நடந்து, நின்னு, வலி போனதும் திரும்ப நடக்கணும்."

இத்தனையில் கடைசியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"நின்னு நின்னு நடக்கச் சொல்ற. அதத்தானம்மா நான் இத்தினி வருசமா பண்ணிக்கினு கீறேன்! எனக்கு நானே டாக்டரு."

"இப்படியே விட்டா காலை எடுக்கற மாதிரி ஆயிடும்."

சிரிப்பு நின்றது. மாமி உள்ளே இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வெளிய சொல்லிடாதம்மா. நொண்டி புரோக்கர்னு பேர் வந்தா எவன் கூப்புடுவான்? உனுக்கு ஆஸ்பத்திரி கீது, சாருக்குப் பட்டறை கீது. எனுக்கு இந்தக் காலுதாம்மா கடை."

சொன்னதையெல்லாம் செய்தார், அவர் வழியில். டாக்டரைப் பார்த்தார்; கிளினிக் மாடியில் ஒரு போர்ஷன் காலி என்று கேள்விப்பட்டுப் பார்த்தார். சிகரெட்டைக் குறைத்தார், இரண்டாக உடைத்துக்கொண்டிருந்ததை மூன்றாக உடைத்து மூன்றையும் பிடித்தார்.

வலிக்காமல் நடக்கிற தூரம் தன் பாட்டுக்குச் சுருங்கிக்கொண்டிருந்தது. என் பட்டறையில் வேலை செய்கிற ஒருவர் ஆதம்பாக்கத்திலிருந்து மயிலாப்பூருக்கு மாற நினைத்தார். அவரையும் அவர் சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு நானும் புரோக்கரோடு போனேன். தெரு திரும்பியதுமே வலி வந்துவிட்டது. அவர் வழக்கமாக நிற்கிற இடம் இன்னும் வரவில்லை. நின்றது ஒரு பச்சை கேட் முன்னால். ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவருடைய வீடு. பாதி வீட்டில் அவர் இருந்தார், பாதியை வாடகைக்கு விடுவார். டு-லெட் போர்டில் 'புரோக்கர்கள் தேவையில்லை' என்று அழகான எழுத்தில் அவரே எழுதி மாட்டியிருந்தார். அதனால் அந்த வீட்டுக்கு இவர் கைவசம் கதையே இல்லை.

பையை மாற்றினார். சிகரெட்டை உடைத்தார். நெற்றியில் வியர்வை.

"இந்த வீடு காலி போல இருக்கே?" என்றார் ஆதம்பாக்கத்து அம்மா.

"அது வாணாம்மா" என்றார் ஸ்தலபுராணம், புகையை விட்டுக்கொண்டே. "அந்த வூட்டுல பால் பொங்காது."

"என்னது?"

"குடி வர்றவன் பால் காய்ச்சறான். பாலு மேல வருது, வருது, விளிம்பாண்ட வந்து நின்னு எட்டிப் பாக்குது, அப்பிடியே கீழ பூடுது. அடுப்ப மாத்தனாங்க. ஏனத்த மாத்தனாங்க. பால்காரனையே மாத்தனாங்க. ஊஹூம்."

எருமைக் கதைக்குச் சிரித்த ஊர் இதற்குச் சிரிக்கவில்லை. குடி போகிற அன்று பால் பொங்கி வழியாவிட்டால் அந்த அடுப்பில் எந்தப் பெண்பிள்ளை உலை வைப்பாள்? ஆதம்பாக்கத்து அம்மா அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் தன் தங்கையிடம் சொன்னார், தங்கை பூக்காரியிடம் சொன்னாள். அப்புறம் யார் யாரிடம் சொன்னார்கள் என்று கேட்கவே வேண்டாம். ஆவணி வந்து போனது, தை வந்து போனது. பச்சை கேட்டில் போர்டு மட்டும் வெளுத்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் டிராயிங் மாஸ்டர் டீக்கடைக்கே வந்துவிட்டார். திட்டத் தெரியாத மனிதர்.

"உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்? என் வாசல்ல வந்து நின்னு ஏன் அப்படிச் சொன்னீங்க?"

டீக்கடை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும் அங்கேதான் இருந்தேன். கால் வலித்தது, நின்றேன், வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்று சொன்னால் போதும். ஸ்தலபுராணம் என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். அதில் இரண்டு பேர் அன்றைக்கு வீடு பார்க்க வந்தவர்கள்.

"தமாசுக்கு சொன்னேன் சார்" என்றார்.

"உங்க வாய்ல நல்லதே வராதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மாஸ்டர் போய்விட்டார்.

பொய்யன் என்று பேர் வாங்கலாம், நொண்டி என்று வாங்கக் கூடாது. எனக்கு அன்றைக்கு அவர்மேல் பொல்லாத கோபம் வந்தது. இந்த வீம்பை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்யப் போகிறார் என்று பயமாகவும் இருந்தது.

மார்கழிக் குளிரில் வலி நடக்காமலேயே வர ஆரம்பித்தது. படுத்தால் தாங்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டால்தான் கொஞ்சம் தூக்கம். பாதம் இப்படி ஜில்லிட்டுக் கிடக்கிறதே என்று அவர் மனைவி உப்பை வறுத்துத் துணியில் கட்டிச் சூடாக ஒத்தடம் கொடுத்தார். ஊரில் எல்லோரும் செய்கிற வைத்தியம்தான். ஆனால் ரத்தம் வராத கால், சர்க்கரையில் மரத்த கால். தோல் வெந்தது அவருக்குத் தெரியவே இல்லை. "நல்லா எதமா கீதுடி, இன்னும் வை" என்றாராம். இதெல்லாம் பிறகு அந்த அம்மா அழுதுகொண்டே சொன்னது.

எங்களுக்குத் தெரிந்தது, அவர் ஒரு நாள் காலையில் வேட்டிக்குக் கீழே ஷூ போட்டுக்கொண்டு வந்தபோது.

"கம்பெனி ஆளுங்க வர்றாங்க சார். அடையாறுல பங்களா கேக்கறாங்க. டீசன்டா போவணும்ல?"

ஸ்டெல்லா மாமாவுக்கு ஊசி போட்டுவிட்டு வெளியே வந்தாள். நிலைப்படியில் அப்படியே நின்றாள். மூக்கைச் சுளித்தாள்.

"ஷூவைக் கழட்டுங்க."

"சாக்ஸு கிழிஞ்சி கீதும்மா, வெக்கமா கீது."

"கழட்டுங்க."

கட்டைவிரல் கரியாகியிருந்தது. பக்கத்து விரலும். குதிகாலில் வெந்த கொப்புளம் உடைந்து புண். மாமி எட்டிப் பார்த்து, "ஐயோ பெருமாளே!" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார் என்று நினைத்தேன். மாமி தெருவுக்கு ஓடி ஆட்டோவைக் கூப்பிட்டார். மீட்டருக்கு மேல் கேட்டவனோடு மாமி சண்டை போடாமல் விட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். முன்னமே வந்திருந்தால் அடைப்பைத் தாண்டி வேறு குழாய் வைத்துப் பார்த்திருக்கலாம். இனி விரலோடு நிற்காது, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் உயிர் தங்காது.

"கீழ் போர்ஷன மட்டுந்தான் இடிக்கிறியா சார்? முட்டி தங்குமா?" என்றார்.

"தங்கும்."

"அப்போ படி ஏறலாம்."

டாக்டர் சிரித்துவிட்டார். சம்மதக் கையெழுத்து போடப் பேனாவை வாங்கினவர் ஒரு முறை குனிந்து காலைப் பார்த்தார். "பொறந்ததுலேர்ந்து கூடவே குடித்தனம் பண்ணது சார். வாடகை ஒழுங்காத்தான் குடுத்தேன்னு நெனச்சேன்" என்றார். சட்டைப் பையிலிருந்த சிகரெட் துண்டை எடுத்து என் கையில் வைத்து விரல்களை மடக்கினார். "இதுவும் போவட்டும்." அதை நான் வெளியே வந்து சாக்கடையில் போட்டேன். போடும்போது அழுகை வந்தது.

அந்த வருஷமே மாமியின் மகன் வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு திரும்பினான். எங்களைக் காலி செய்யச் சொல்ல மாமிக்கே சங்கடம். ஸ்டெல்லா அப்போது மாசமாக இருந்தாள். மறுபடி படி ஏறினோம், மறுபடி பேரைக் கேட்டார்கள், மறுபடி நேற்றுதான் கொடுத்திருந்தார்கள். நடக்கிற தூரத்தில் காலியாக இருந்தது பச்சை கேட் வீடு ஒன்றுதான். ஏன் காலி என்று ஊருக்கே தெரியும்.

"எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது" என்றாள் ஸ்டெல்லா. கொஞ்ச நேரம் கழித்து, "பொங்கலைன்னா என்னங்க பண்றது?" என்றாள்.

ஸ்தலபுராணத்துக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. செயற்கைக் கால் பொருத்தி, அக்குளில் கட்டையோடு வந்து நின்றார். "வா சார். நானே வந்து பேசறேன்." டீக்கடையிலிருந்து பச்சை கேட்டுக்குப் போவதற்குள் மிச்சமிருந்த காலும் அவரை நிறுத்தியது. அன்று எருமையும் வரவில்லை, பெண்ணும் மாறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார், நடந்தார்.

மாஸ்டர் வெளியே வந்தார். முகத்தைப் பார்த்தார். பிறகு வேட்டிக்குக் கீழே பார்த்தார்.

"சார், அன்னிக்கு உன் வூட்டாண்ட நின்னது கால் வலியால. ஒரு அடி எடுத்து வக்க முடியல. நொண்டின்னு சொல்லிடுவாங்கன்னு பயந்துக்கினு வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். பால் கதை பொய்யி. உன் வூட்டுக்குள்ள நான் வந்ததே கெடையாது."

மாஸ்டரின் கை கேட் தாழ்ப்பாளுக்குப் போனது. கதவைச் சாத்தினாலும் நியாயம்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கால் வலின்னு அன்னிக்கே சொல்லியிருந்தா," என்றார், "நான் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டிருப்பேனே."

மாஸ்டர் உள்ளே போய் ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து கேட் ஓரமாக விரித்துப் போட்டார். ஸ்தலபுராணம் உட்கார்ந்தார். ஸ்டெல்லாவின் பேரை மாஸ்டர் கடைசிவரை கேட்கவே இல்லை.

ஸ்தலபுராணம் அதற்குப் பிறகு அதிக காலம் இருக்கவில்லை. காலில் அடைத்தது நெஞ்சிலும் அடைக்கலாம் என்று ஸ்டெல்லா பயந்துகொண்டே இருந்தாள், அப்படித்தான் ஆயிற்று. ஆனால் அதோடு முடித்தால் அவருக்குப் பிடிக்காது. காலி பண்ண வூட்டப் பத்திப் பேசி இன்னா லாபம் சார் என்பார். அதனால் நாங்கள் பால் காய்ச்சிய காலையோடு முடிக்கிறேன்.

பச்சை கேட் வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள் என்று தெரிந்து டீக்கடையே வாசலுக்கு வந்துவிட்டது. மாமி எங்களை வாழ்த்த வந்ததாகச் சொல்லிக்கொண்டு அடுப்படியில் முதல் ஆளாக நின்றார். உள்ளே வர நாலைந்து உயரப் படிகள்; ஸ்தலபுராணத்தால் ஏற முடியவில்லை. கேட் ஓரத்து நாற்காலியில் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பால் ஏறியது. விளிம்புக்கு வந்தது. நின்றது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே இறங்கியது.

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பொங்குச்சா சார்?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

மாமி குனிந்து அடுப்பைப் பார்த்தார்.

"பொங்குச்சா?" கட்டையால் கேட்டைத் தட்டுகிற சத்தமும் கேட்டது.

"ஏன்டி அடுப்பைத் தணிச்சுட்டே?" என்று மாமி கத்தினார். "மனுஷா காலையே அறுக்கற எடத்துல வேலை பாக்கறவ, பாலுக்குப் போய் பயப்படறியே! பெரிசா வை!"

பார்த்தால், பயத்தில் ஸ்டெல்லா தன்னை அறியாமல் குமிழைத் திருகியிருக்கிறாள். திருப்பி வைத்தாள். பால் சீறிக்கொண்டு எழுந்து, நாலு பக்கமும் வழிந்து, அடுப்பையே அணைத்தது. மாஸ்டர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அவர்தான் வாசலுக்கு ஓடி, "பொங்கிடுச்சுய்யா! பொங்கிடுச்சு!" என்று கத்தினார்.

நான் வெளியே வந்தபோது ஸ்தலபுராணம் ரெக்ஸின் பையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. ஸ்டெல்லா ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைக் கோணினார்.

"சக்கரை?"

"கிடையாது."

"இன்னிக்கு ஒரு நாளைக்கும்மா."

"கிடையாது."

குடித்தார். அந்த நேரம் பார்த்து, விஷயம் தெரியாத பழைய கிராக்கி ஒருவன் சைக்கிளை நிறுத்தி, "இன்னா நைனா, இங்க குந்திக்கினு கீற?" என்று கேட்டான். அவர் வழக்கம்போலக் கையைத் தூக்கி வீட்டைக் காட்டப் போனார். நான் காத்திருந்தேன். கை பாதியில் இறங்கி முழங்காலில் உட்கார்ந்தது.

"கால் வலிக்குதுபா" என்றார். "அதான் குந்திக்கினு கீறேன்."